கை நனைக்காமல்

காபியில் ஆடை கட்டிவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் அப்பா சாமிதுரை டம்ளரைத் தொடக்கூட இல்லை.

"பேசி முடிக்காம மாப்ள வூட்டுல கை நனைக்கறது எங்க வழக்கம் இல்லைங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் சம்மதம்னு ஆயிடும். தப்பா நெனைக்காதீங்க" என்றார். கூட வந்த அவர் தங்கை சின்னம்மாள் முறுக்குத் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா கலையரசி தட்டை மறுபடி அவர்கள் பக்கம் நகர்த்தினாள். போன ஐப்பசியில் வந்தவர்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே மாதிரி பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். வாசல் தாண்டியதும் பேச்சு மாறிவிட்டது.

"உப்புத்தண்ணி வூடு. கொல்லையில நிக்குற கொய்யா மரத்தைப் பாத்தியா? அந்த மரத்துக்கே இந்தக் கதின்னா நம்ம பொண்ணு என்னத்துக்கு ஆவும்?" என்று கீழப்பழுவூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்களாம்.

மகன் தமிழ்மாறன் அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. காட்டிய போட்டோவையெல்லாம் ஓரங்கட்டியவன், பெரம்பலூர் பக்கத்துக் குரும்பலூர் நந்தினிக்கு மட்டும்தான் தலையாட்டினான். இதுவும் தட்டிப்போனால் அவனை எந்தக் கொம்பனாலும் மணவறையில் உட்கார வைக்க முடியாது.

இந்த மனுஷர் வாய்க்குள் ஏதாவது ஒன்று போயாக வேண்டும். கலையரசி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. அப்போதுதான் மகன் அறையிலிருந்து கமகமவென்று பழ வாசனை வந்தது.

நேற்று பெரம்பலூர் ஆபீஸிலிருந்து வந்தவன் பையில் கொய்யாப்பழம் இருந்ததே! கேட்டதற்கு, டவுனில் வாங்கினேன் என்றானே!

கழுவித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்க மரத்துப் பழங்க. திங்க வேணாம், மோந்தாவது பாருங்க." அண்டப் புளுகுதான். ஆனால் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

தமிழ்மாறன் முகம் வெளிறிவிட்டது. "யம்மா, அதை எடுத்துட்டுப் போம்மா" என்று பல்லைக் கடித்தான்.

சும்மா இருடா என்று கண்ணாலேயே அதட்டினாள். பொய்யைக் கேட்கக்கூடத் தைரியம் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்!

சாமிதுரை ஒரு பழத்தை எடுத்து மோந்தார். காம்போரம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"எங்க வூட்டுலயும் ஒரு மரம் நிக்குது. விக்கிறதுக்கு இல்லைங்க, வூட்டுக்குத்தான். இந்த வருசம் ஒண்ணும் வாய்க்கு வந்து சேரல. பழுக்கப் பழுக்க அணில் கொண்டுபோவுதுன்னு பொண்ணு சொல்லுது" என்றார்.

தமிழ்மாறனுக்கு இருமல் வந்தது.

அவர் பழத்தைப் பிட்டார். ஓரமெல்லாம் வெள்ளை, விதையைச் சுற்றி மட்டும் ரோஸ். அதையே கொஞ்ச நேரம் பார்த்தவர் படக்கென்று ஒரு கடி கடித்துவிட்டார். சின்னம்மாள் வாயைப் பிளந்தாள். கலையரசிக்குக் குலதெய்வமே நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"மரத்துக்குத் தண்ணி எப்பம்மா ஊத்துவீங்க?"

"தெனம் ரெண்டு வேளையும் ஊத்துவேங்க."

"பறிக்கறது?"

"கிளிக்குப் பயந்து காயிலேயே பறிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டுருவேங்க" என்றாள் பெருமையாக.

சாமிதுரை பழமும் கையுமாக எழுந்து விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். பக்கத்து மாடி வீட்டு நிழலில், பாசி பிடித்த ஈரத்தில், மரம் வெளுத்துப்போய் நின்றது.

"இதுக்கு வெயிலே படலை. தெனம் தண்ணி குடிச்ச மரத்துப் பழம் சப்புன்னுதான் இருக்கும். இது அப்படி இல்லை. கரிசல்ல நல்லா வெயில் வாங்கி, காய் முத்துனதும் தண்ணியைக் குறைச்சு, மரத்துலயே மஞ்சளாவ விட்டுப் பறிச்சது. இனிப்பு போனப்புறம் நாக்குல ஒரு புளிப்பு நிக்குது பாருங்க..." நிறுத்தினார். "இது இந்த மரத்துப் பழம் இல்லைம்மா."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். கலையரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுருங்க. புள்ள கடையில வாங்குனதுங்க. உப்புத்தண்ணி வூடுன்னு நீங்களும் போயிருவீங்களோன்னு பயந்து சொல்லிட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்லைங்க."

"கடையிலயா?" சாமிதுரை தமிழ்மாறனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

சின்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க பொய் சொல்லிட்டாங்க, நீ என்னடான்னா பேசி முடிக்காம கை நனைச்சுட்டு நிக்கிற! வாண்ணே, கெளம்பலாம்."

சாமிதுரை அசையவில்லை. மிச்சப் பழத்தை நிதானமாக மென்று முடித்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்க கை நனைச்சேன்? நம்ம மரத்துப் பழத்தைத்தானே தின்னேன்" என்றவர், தமிழ்மாறன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, உங்க போன்லேர்ந்தே அந்த அணிலைக் கூப்புடுங்க."