சிவக்கும் காது

கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே அவள் கணவன் ஒரு பெட்டைக்கோழியைப் பிடித்திருந்தான். பக்கத்தில் ஜெசிந்தா. கோழி முகத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று இருவரும் சேர்ந்துதான் ஆராய்ச்சி செய்கிறார்கள். கேமராவைத் திருப்பிக்கொண்டே ஜெசிந்தா ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான்.

வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

கேட்டால், சாப்பாடு கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கையில் டிபன் கேரியர் இருந்தது. உண்மையில் அவள் வந்தது அவன் காதைப் பார்க்க.

வாய் ஆயிரம் பொய் சொல்லும். காது சொல்லாது. அவள் அறைக்குள் நுழைந்தால் போதும், அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சிவந்தது. "இன்னுமா அத்தானுக்கு வெக்கம் போகல?" என்று தங்கைகள் கேலி செய்வார்கள். ஊரில் எவளுக்கு வாய்க்கும் அப்படியொரு புருஷன்!

அந்தச் சிவப்பு அவள் சொத்து. அதில் ஒருத்தி பங்குக்கு வந்தால் விடுவாளா?

உற்றுப் பார்த்தாள்.

ஜெசிந்தா தோள் உரச நின்றிருந்தாள்.

காது சிவக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். இல்லவே இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. செருமினாள்.

அவன் திரும்பினான். சட்டென்று இரண்டு காதும் சிவந்தன.

பார்த்துக்கொள்ளடி என்று ஜெசிந்தாவிடம் மனசுக்குள் சொன்னாள். பெருமை தாங்கவில்லை. கையை நீட்டினாள்.

"எங்க, அத இப்படிக் குடுங்க."

கோழியை வாங்கி மாரோடு அணைத்தாள். அதன் இறகில்லாத கன்னம் கேமராத் திரையில் பெரிதாகத் தெரிந்தது. வெளிறிக் கிடந்த கன்னம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கச் சிவந்தது.

"பாத்தியா ஜெசிந்தா, அதுக்கும் என்னைப் பிடிச்சுப்போச்சு!"

வேண்டாம் என்று அவன் கண்ணைக் காட்டினான். ஜெசிந்தா அதைக் கவனிக்கவில்லை.

"அது பயம்க்கா. பயந்துட்டா நரம்பு ரத்தக்குழாயத் தொறந்து விட்டுரும். மொகத்துக்கு ரத்தம் ஏறிரும். அது நெனச்சாலும் மறைக்க முடியாது. பழகுன ஆளுகிட்டன்னா இப்படிச் செவக்காதுக்கா, நிம்மதியா இருக்கும்."



கோழியை ஜெசிந்தாவிடமே கொடுத்தாள்.

அவன் காது ஜெசிந்தாவுக்காகச் சிவந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். சிவக்காமல் நின்றானே, இத்தனை வருஷத்தில் தன் பக்கத்தில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லையே. அதுதான் இப்போது சுட்டது.

அவன் காதைச் சொறிவதுபோலக் கையால் மறைத்துக்கொண்டான்.

கேரியரை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"சாயங்காலம் மெதுவாவே வாங்க."

அவளுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரல்.

சிவப்பு அவன் கழுத்துக்கும் இறங்கியது.