சீக்கிரமாக எழுந்துவிடும் மடிக்கணினி

"மாப்பிள்ளை, இது ரொம்பச் சீக்கிரமா எழுந்துடுது!"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மடிக்கணினியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன புகார் இது.

துணி மடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெதுவாக எழுகிறது என்று போன வாரம் புலம்பியவரும் இவரேதான்.

"சீக்கிரம் எழுந்தா நல்லதுதானேப்பா?"

"என்னத்த நல்லது? பட்டனைத் தட்டிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள எழுந்து, என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கூச்சமா இருக்கும்மா."

உள்ளறையிலிருந்து அவள் கணவன் ஓடிவந்தான். முகமெல்லாம் பெருமை.

"ஏழு நொடி மாமா! பதினோரு வயசுப் பெட்டி ஏழு நொடியில எழுந்திருக்குன்னா அது ரன்இட் பண்ற வேலை. பட்டனைத் தட்டினதும் முதல்ல முழிச்சுக்கிட்டு, உள்ளே இருக்கிற மத்த புரோகிராம் எல்லாத்தையும் எழுப்பிவிடுறது அதுதான். கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கும்."

"நிதானமா எழுப்புற ஆளு யாரும் இல்லையா?"

"ஓபன்ஆர்சி இருக்கு மாமா. வரிசையா, ஒவ்வொருத்தரையா எழுப்பும்."

"குணம் எப்படி?"

"தங்கம்."

"அப்ப அதையே முடிச்சிடலாம் மாப்பிள்ளை."

சம்பந்தம் பேசி முடித்த களிப்போடு இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இது ஒன்பதாவது சனிக்கிழமை. இந்த ஒன்பது வாரத்தில் அந்தக் கிழட்டுப் பெட்டிக்குள் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் எட்டு வகை குடிவந்து, காலிசெய்துகொண்டு போயிருந்தன. எல்லாம் எடை குறைந்தவை என்று கணவன் சொல்வான். தன் தலையில் ஏறும் பாரம் மட்டும் ஏன் குறையவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

அவனுக்கு வேலை போய் நாலு மாதம். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாளெல்லாம் பல்வலிக்காரர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வருகிறவள் அவள் ஒருத்திதான். நல்ல வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை எட்டிப் பார்த்தாள். பெயரைத் தவிர அதில் ஒரு எழுத்தும் இல்லை. அவன் என்னடாவென்றால் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டி எத்தனை நொடியில் எழுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். பெற்ற அப்பாவே அதற்குத் தூபம் போடக் கிளம்பி வருகிறார்.

இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

அப்பா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இவளைப் பார்த்ததும் அவர் மேசையிலிருந்த எதன்மேலோ தலையணையைப் போட்டு, அதன்மேல் முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

"வாம்மா, வா. திடீர்னு வந்திருக்கே?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் வானிலை அறிக்கை வாசித்தது.

அவள் தலையணையைத் தூக்கினாள். பளபளவென்று புத்தம்புது மடிக்கணினி.

"எப்போ வாங்கினீங்க?"

"மூணு மாசம் ஆச்சு." அப்பா திருதிருவென்று விழித்தார்.

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அந்தப் பழசைத் தூக்கிட்டு வந்து என் குடியைக் கெடுக்கறீங்க?"

"வேலை போனதும் மாப்பிள்ளை எப்படி இருந்தார்னு நீயும்தானே பார்த்தே? சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாம. நம்மாலயும் ஒருத்தருக்கு ஆகவேண்டியது இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் எழுந்து உட்காருவார்னு தோணிச்சு. உட்கார்ந்துட்டாரா இல்லையா?"

அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன ஒண்ணு, புதுசு புதுசாப் புகாருக்கு எங்கே போறது? வெள்ளிக்கிழமை பூரா அதே யோசனைதான். சீக்கிரம் எழுந்துடுதுன்னு நேத்து சொன்னப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதே. தாங்கமாட்டார்."

திட்டுவதற்காகப் போனவள் அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுத்தான் திரும்பினாள்.

வீட்டில் கணவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கான லினக்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். ஒன்பது வாரத்தில் முதல்முறையாக அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அடுத்து என்னங்க போடப்போறீங்க?"

அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்ன போட்டா என்ன? அவர் திறந்து பார்த்தாத்தானே?"

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் பெட்டி எப்பெப்ப எழுந்ததுன்னு தேதி, மணியோட உள்ளேயே பதிவாகும். இங்கே வெச்சு நான் அணைச்சா, அடுத்த சனிக்கிழமை இங்கே வந்துதான் கண்ணே முழிக்குது. உங்க அப்பா வீட்டுல ஒரு தடவைகூட எழுந்ததில்லை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரத்தை வீணாக்கறீங்க? அந்த விண்ணப்பம் என்ன ஆச்சு?"

"அதை வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன். சனிக்கிழமை மாமாவுக்கு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அத்தை போனதுக்கப்புறம் அந்த மனுஷன் வீட்டை விட்டு வெளியே வர்றதே இந்த ஒரு நாள்தான். பெட்டி சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிட்டா, பாவம், அப்புறம் எந்தச் சாக்கை வெச்சுக்கிட்டு இங்கே வருவார்?"