பொன்வயல் நகர் கேட்

பாண்டிச்செல்வி கடப்பாரையை ஓங்கியதும், சங்கரலிங்கம் பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை தார்ரோட்டில் மோதியது.

பூட்டிய இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். கடைசி வீட்டில் சிலிண்டர் வெடித்துவிட்டது. சோலையம்மாளும் அவள் மகள் சினேகாவும் உள்ளே மாட்டியிருந்தார்கள்.

இந்தப் பக்கம் பொன்வயல் நகர். முதலாளிமார் வீடுகள். கேட்டுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு நின்றது. இறங்கிய வீரர்களை நகர்க்காரர்கள் மறித்துக்கொண்டார்கள்.

சாவி, நகர்ச் சங்கத்துச் செயலாளர் சங்கரலிங்கத்தின் சட்டைப்பையில் இருந்தது.

“கம்மாய்க்கரை வழியாச் சுத்திப் போங்க. இன்னைக்குத் தெறந்தா நாளைக்கு அம்புட்டுப் பேரும் இதுவழியாத்தான் வருவாக.”

கம்மாய்க்கரையில் சைக்கிள்தான் போகும்.

கேட்டில் ஏறிக் குதித்து வந்த பாண்டிச்செல்வி முதலில் அவர் காலில்தான் விழுந்தாள். பிறகுதான் வண்டியிலிருந்த கடப்பாரையை உருவினாள்.

இப்போது அவர் அவள் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு நின்றார்.

அவள் மறு கையால் கடப்பாரையை வீசினாள். அவர் முழங்கால் எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

எழுந்து பூட்டில் ஓங்கி அடித்தாள். யாரோ முதுகில் கட்டையால் போட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

வண்டி உள்ளே பாய்ந்தது.

சினேகாவை உயிரோடு தூக்கி வந்தார்கள். இரண்டு கைகளும் வெந்திருந்தன. சோலையம்மாளைப் பாயில் சுற்றித்தான் கொண்டுவர முடிந்தது.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில், சங்கரலிங்கத்தின் மகன் ஹரிஷ்குமார் ஒரு காகிதத்தை இன்ஸ்பெக்டர் முன் வைத்தான். கேட் போட மாநகராட்சி கொடுத்த அனுமதி.

இன்ஸ்பெக்டர் கடைசி வரியில் விரலை வைத்து, எதிரே நின்ற பாண்டிச்செல்வியைப் பார்த்தார். வார்டு கவுன்சிலர் கையெழுத்து.

“இது யாரு போட்டதும்மா?”

வெளியே காலனிச் சனம் அவள் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓட்டுக் கேட்டுப் போனபோதும் இப்படித்தான் போட்டார்கள்.

கதவோரம் சோலையம்மாளின் புருசன் அன்பரசன் நின்றிருந்தான்.

பாண்டிச்செல்வி அவனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

“நான்தான் சார். கேட்டுக்குச் சம்மதிச்சா காலனிக்குக் குடிதண்ணிக் குழா போட்டுத் தாரோம்னு நகர்க்காரவுக சொன்னாக. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”