மிளகின் தையல்

பூனை வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. அதனால்தான் கருத்தடை முடிந்ததும் பூனையின் கழுத்தில் ஒரு பட்டையும், அதைப் பார்த்துக்கொள்பவரின் கையில் ஒரு பட்டையும் மாட்டி அனுப்புகிறார்கள். அதற்கு வலித்தால் இவருக்கும் வலிக்கும். தையல் பிரிக்கும் நாளில் டாக்டர்தான் கழற்றிவிடுவார்.

"நீங்களே போட்டுக்கங்க. மிளகு உங்ககிட்டத்தான ஒட்டிக்கும்?" என்றாள் வதனி, கூடையில் கிடந்த பூனையைக் காட்டி.

அவள் கணவன் சபரிநாதன் பெருமையாகக் கையை நீட்டினான். "மாட்டுங்க டாக்டர். சின்னத் தையல்தான?"

அதே சொல். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, "ஆம்பளைங்களுக்குன்னா சுலபமாமுங்க" என்று வதனி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அவளைத்தான் கருத்தடை ஆபரேஷனுக்குப் படுக்கவைத்தான். தையல் காய்வதற்குள் கூட்டாளிகளை விருந்துக்குக் கூட்டிவந்து, "சின்னத் தையல்தான? எந்திரிச்சுப் பிரியாணி பண்ணு" என்றான். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே கிளறினாள்.

மறுநாள் மிளகு அவள் மடியில் படுத்திருந்தது. வேளை தவறாமல் மருந்து கொடுத்திருந்தாள். பூனை மேல் அவளுக்கென்ன கோபம்? மருந்துக்கும் அடங்காமல் மிச்சமிருந்த வலிக்கே சபரிநாதன் சோபாவில் சுருண்டு கிடந்தான்.

வாசலில் மணி அடித்தது.

"யாரு?" என்று முனகினான்.

"உங்க கூட்டாளிங்கதான். அன்னைக்கு வந்தவங்க அத்தன பேரையும் நாந்தான் சாப்பிட வரச்சொன்னேன்." வதனி மிளகின் காதைத் தடவிக்கொடுத்தாள். "கறி ஊறிட்டிருக்குது. எந்திரிச்சுப் போய்ப் பிரியாணியப் பண்ணுங்க. தையல்கூட உங்க வயித்துல இல்லையே."