மீனில்லாத தொட்டி

தண்ணீர் சொட்டச் சொட்ட இடுக்கியின் நுனியில் தொங்கியது அந்த இறால். கௌரி அதை முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றாள்.

“இது என்ன பிள்ளை?”

“இறால், மாமி,” என்றாள் அண்ணனின் மருமகள் தினேஸ்வரி.

“இறால் எண்டு எனக்கும் தெரியுது. என்ர அண்ணன் வீட்டுக்குள்ள இது எப்பிடி வந்தது?”

அண்ணன் ஸ்கந்தராஜா ஈப்போவில் அந்த வீட்டைக் கட்டிய நாள் முதல், மீனோ இறைச்சியோ அதன் வாசலைத் தாண்டியதில்லை. முட்டை போட்ட பிறந்தநாள் கேக்கைக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் அவர்.

ஆயர் தாவாரிலிருந்து காலையில்தான் வந்திறங்கிய கௌரி, கூடத்தில் புதிதாக நின்ற கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்திருந்தாள். மீன் ஒன்றுகூட இல்லை. உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், துளை விழுந்த பவளக் கற்கள். கற்களின் நடுவே இந்த இறால் மட்டும் கிடந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“கேட்டியா? விடியமுன்னமே முழுகிப் பூசை முடிச்ச அண்ணை திரும்பவும் முழுகிறார். இந்த நாத்தம் தாங்காமத்தான்!”

தினேஸ்வரி தரையில் சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்தாள்.

“தொட்டி வைக்க அவர் எப்பிடிச் சம்மதிச்சவர்?”

“‘தின்னத்தானே கூடாது, வளர்க்கலாம்’னு மாமாவே சொன்னாங்க.”

“மீனைத்தானே சொன்னவர்? செத்த இறாலையோ சொன்னவர்?”

கல்யாணத்துக்கு முன் மீன் தொட்டிக் கடையில் வேலை பார்த்தவள் தினேஸ்வரி. பொறுமையாகவே விளக்கினாள். “சமைக்கிறதுக்கு இல்ல மாமி. புதுத் தொட்டி இல்லையா. இப்பவே கடல் மீனை விட்டா செத்துப் போயிரும். முதல்ல ஒரு இறால் உள்ள கிடந்து அழுகணும். அந்த அழுக்கைத் தின்ன ஒரு கிருமி வளர்ந்து கல்லுல குடியேறும். அப்புறம் மீனோட கழிவையும் அதே கிருமிதான் தின்னு தண்ணியைக் காப்பாத்தும்.”

“பிணம் அழுகி அதில சுத்தமோ? உங்கட சுங்கை சிப்புட் சாத்திரம் நல்லா இருக்கு!”

“எங்க ஊரை ஏன் இழுக்குறீங்க? எந்த ஊருக் கடலுக்கும் இதுதான் மாமி.”

கௌரி இறாலை இடுக்கியோடு சேர்த்துப் பின்வாசல் குப்பை வாளியில் வீசினாள். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“கலியாணத்தண்டு இந்தக் குத்துவிளக்குக்கு முன்னால என்ன வாக்குக் குடுத்தாய்? சொல்லு பாப்பம்.”

“‘என் கையால மீன், மச்சம் இந்த வாசப்படி தாண்டாது’ன்னு சொன்னேன்.”

“பிறகு?”

“தாண்டல. என் கை அதைத் தொடவே இல்ல.”

“அப்ப இறால் தானா நீந்தி வந்ததோ? புருசன்ர தலையில போடாத. ஷான் போன கிழமையே வேலை விசயமா ஜொகூருக்குப் போயிட்டான், எனக்குத் தெரியும்.”

“அவரும் இல்ல.”

“வேற ஆர்?”

தினேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். “அது என் வாயால வராது மாமி. திட்டணும்னா என்னைத் திட்டிக்குங்க.”

“திட்டுறதோ? அண்ணை வெளியில வரட்டும். வாக்குத் தவறினவள் இந்த வீட்டில விளக்கேத்தக் கூடாது. நீயும் உன்ர தொட்டியும் இண்டைக்கே சுங்கை சிப்புட்டுக்குப் போய்ச் சேரோணும். இல்லையெண்டால் இந்த வீட்டில நான் இனிப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டன்!”

“நான் போக மாட்டேன். தொட்டியும் போகாது. வாக்குத் தவறினாத்தானே போகணும்? நான் தவறல.”

“வாயைப் பார், வாயை!”

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத்தலை, நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீறு, வெள்ளை வேட்டி. வயதான பிறகும் முதுகு வளையாமல் நடக்கும் ஸ்கந்தராஜா கூடத்துக்கு வந்தார்.

“அண்ணை, நல்ல நேரத்தில வந்தீங்கள்! உங்கட மருமகள் வீட்டுக்குள்ள இறால் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். கேட்டால் தான் தொடேல்லையாம். ஆர் தொட்டது எண்டும் சொல்ல மாட்டாளாம். செமோரில இருக்கிற எங்கட சொந்தக்காரர் கேள்விப்பட்டால் எங்கட மானம் என்னாகிறது?”

அவர் நேராகத் தொட்டியருகே போனார். குனிந்து, கற்களின் நடுவே உற்றுப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

“விளக்குக்கு முன்னால என்ர மருமகள் குடுத்த வாக்கு, இந்தக் குடும்பம் குடுத்த வாக்கு, கௌரி. என்ன வந்தாலும் அது தவறக்கூடாது.”

“அதைத்தானே அண்ணை நானும் இவ்வளவு நேரமாத் தொண்டை கிழியச் சொல்லுறன்!”

தினேஸ்வரி தலை குனியவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இறால் எங்கை?” என்று கேட்டார் அவர்.

“குப்பையில வீசிப்போட்டன். நீங்கள் அதைக் கண்ணாலகூடப் பார்க்க வேண்டாம்.”

ஸ்கந்தராஜா நீண்ட மூச்சு விட்டார். கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, தங்கையை முறைத்தார்.

“விசரி! இனி நான் திரும்பவும் மீன் பாசாருக்குப் போகோணும், திரும்பவும் வந்து முழுகோணும்!”