ஒரே தாள்

ஜெனிட்டாவின் பெட்டி கதவருகே தயாராக நின்றது. அம்மா வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் அவள் கணவன் செல்வினுக்கும் இல்லை. ஆட்டோ வருவதற்குள் ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாமா என்று மட்டும் கேட்டான்.

மூன்று வாரமாக அவன் சாக்ஸபோனில் ‘இரண்டு, ஐந்து, ஒன்று’ என்னும் ஜாஸ் ஸ்வரக்கூட்டு வரிசையைப் பழகிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்வரமாக உதிர்த்துக்கொண்டே போய், கடைசியில் ‘ஸி’ என்ற ஸ்வரத்தில் அமர வேண்டும். தனியாக ஊதியபோதெல்லாம் அழகாகவே அமர்ந்தது. இப்போது அதே இசைத்தாளைப் பார்த்து அவள் கீபோர்டில் வாசித்ததும் எல்லாம் கோணிக்கொண்டது.

“தாள்ல ‘ஸி’ன்னு இருக்கு, ‘ஸி’தான் ஊதுறேன். நீதான் எங்கயோ போற.”

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

“லூசு! உன் சாக்ஸபோனோட ‘ஸி’ என் கீபோர்டுல ‘இ ஃபிளாட்’. அந்த வாத்தியமே அப்படித்தான்.”

“அப்ப யாரு தப்பு?”

“யாரும் தப்பில்ல. உனக்கு மாத்தி எழுதணும், அவ்வளவுதான்.”

பேனாவைத் தேடினாள். அதற்குள் கீழே ஹார்ன் அடித்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “வர்றேன்” என்றாள். போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பதினோரு வருடமாக அவள் சொன்ன சொற்களையெல்லாம் தன் வாத்தியத்திலேயே கேட்டுவந்தோமோ என்று அவனுக்குக் குழம்பியது. இந்த ‘வர்றேன்’ அவளுடையதில் எந்த ஸ்வரம்?

“சரி” என்றான்.

அது அவள் காதில் என்னவாக விழுந்ததோ, படியிறங்கிய செருப்புச் சத்தம் பாதியில் நின்றது.