பத்து நட்டு

வேலை முடிந்து கிளம்பிய பஸ் மெக்கானிக், மனைவிக்குப் போன் போட்டார்.

"பின்சக்கரம் மாத்தினேன். நட்டை இறுக்கினேனான்னு ஞாபகமே வரலை."

"கதவைப் பூட்டினேனான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளுதானே நீங்க!"

"இது கதவில்லடி. நாப்பது பேரு உசுரு. வண்டி கிளம்பிடுச்சு."

"டிரைவர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது."

"போனா போகட்டும். நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாவது சோறு போடுறேன். ஓடிப்போய் அந்த வண்டியைப் பிடிங்க!"

"எங்க ஓட? நான் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன்."

"ஐயோ! முதல்ல எறங்கித் தொலைங்க!"

"நான் மட்டுமா?" என்றவர் எழுந்து கத்தினார். "டிரைவரண்ணே, ஓரங்கட்டுங்க! பின்சக்கரத்தைப் பார்க்கணும்!"

வண்டி நின்றது. உள்ளேயிருந்து வசவு பறந்தது. மெக்கானிக் புழுதியில் மண்டியிட்டு, பத்து நட்டையும் தன் பையிலிருந்த ஸ்பானரைப் போட்டு அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. இறுக்கிய நட்டின்மேல் சாக்பீஸால் கோடு போடுவது அவர் வழக்கம். பத்திலும் கோடு இருந்தது. அதைப் போட்டதும் நினைவில்லை. இருபது வருசப் பழக்கத்தில் கை வேலையை முடித்துவிட்டு, தலைக்குச் சொல்லாமல் விட்டிருந்தது.

"கல்லாட்டம் இருக்குண்ணே!" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேலே புகார் எழுதுவீங்களா?"

"எதுக்கு?" டிரைவர் கைகொடுத்துத் தூக்கினார். "தான் இறுக்கின வண்டியில தானே ஏறிப் போற மெக்கானிக்குக்கு நான் எங்க போவேன்? ஏறுய்யா."